பரஸ்தானம் வைத்த பெட்டி

“பெட்டி வாசலைத் தாண்டிட்டா மனுசன் பாதி போயிட்டான்னு வச்சுக்கோ, மீதிப் பாதி இருக்கு பாரு, அது...” என்று என் தாய்மாமா ஒருமுறை சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னார்; அந்த மீதிப் பாதி என்ன ஆகும் என்று சொல்லி முடித்தாரா, அதற்குள் பஸ் வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவிட்டாரா என்பது எனக்கு நினைவில்லை, அவரும் இப்போது இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

என் மகள் நித்திலாவுக்குக் கார்த்திகையில் பிரசவம். அவள் இருப்பது கனடாவில், ஆறு உறைந்துபோகிற ஒரு ஊரில். தாய் இருந்திருந்தால் தாய் பார்த்துக்கொண்டிருப்பாள், இல்லாததால் நான் போக வேண்டியிருந்தது. என் மனைவி அமுதவல்லி அதே ஊரில் ஒரு குளிர்காலத்தில்தான் இறந்தாள். அதன்பிறகு, இருபது வருடம் இருந்த நாட்டை விட்டுவிட்டு, சிவகாசிக்குத் தெற்கே நான் பிறந்த இந்தச் சின்ன ஊருக்குத் திரும்பி, ஒரு காலண்டர் அச்சகத்தில் தமிழும் ஆங்கிலமுமாகப் புரூஃப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வந்த நாளிலிருந்து எனக்கு எதுவும் பெரிதாக உறைப்பதில்லை. விசேஷ வீட்டில் சாம்பாரில் உப்பு இல்லை என்பதைப் பக்கத்து இலைக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

ஐப்பசியில் போய் இறங்கினால் அங்கே இலை உதிர்ந்துகொண்டிருக்கும், பிள்ளை பிறந்து தொட்டிலில் கிடக்கும்போது பனி முழங்கால் உயரம் நிற்கும், பிள்ளை குப்புற விழுகிறபோது பனி உருகித் தெருவெல்லாம் சேறாகும், நான் திரும்புவதற்குள் ராத்திரி ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கிற கோடையும் எட்டிப்பார்த்துவிடும், ஆகவே ஒரே பெட்டிக்குள் நாலு காலத்தையும் அடுக்கவேண்டியிருந்தது. எங்கள் ஊரில் வெயில்காலம், அதிக வெயில்காலம் என்று இரண்டுதான். மழை பெய்தால் அதை ஒரு காலமாகச் சேர்ப்பதில்லை, ஒரு சம்பவமாகத்தான் பேசிக்கொள்வோம். வெயில் அடித்தால்தான் தீக்குச்சியும் பட்டாசுத் திரியும் காயும், அது காய்ந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும் என்பதால் வெயிலை யாரும் வைவதும் இல்லை. அப்படிப்பட்ட ஊரில், ஒரு வாரமாக என் கட்டில்மேல் வாயைத் திறந்துகொண்டு கிடந்த பெட்டியை, எதிர் வரிசையில் வடகோடி வீட்டுச் சங்கரேஸ்வரி தினமும் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போவாள்.

“இது என்னண்ணே, கரடிய உரிச்ச மாதிரி?”

“கோட்டு.”

“இதப் போட்டுக்கிட்டு நடக்க முடியுமா?”

“முடியலைன்னா உட்கார்ந்துக்கிறதுதான்.”

“பழஞ்சேலை எடுத்து வச்சீகளா? பச்சப்பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. கட்டிக் கட்டி நைஞ்ச சேலைதான் மெத்துன்னு இருக்கும்.”

அமுதவல்லியின் நாலு நூல் சேலைகளை ஏற்கெனவே அடியில் வைத்திருந்தேன். சங்கரேஸ்வரி அவற்றைத் தொட்டுப் பார்த்து, ஒரு முந்தானையைக் கன்னத்தில் ஒருதரம் ஒற்றி, இருந்த இடத்தில் வைத்தாள். பிறகு மடியிலிருந்து பொட்டலங்களை எடுத்தாள்: பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற செலவுப் பொடி, பூண்டு லேகியம், பிள்ளைக்கு உரசிக் கொடுக்க வசம்பு. வசம்பை மட்டும் பெயர் சொல்லாமல், “இது அந்தப் பேர் சொல்லாதது” என்று கொடுத்தாள். ஒரு தாய் செய்யவேண்டிய மூட்டையை ஒரு தகப்பன் கட்டுகிறான் என்பதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் ஒவ்வொரு பொட்டலத்தையும் என்னிடம் இரண்டுதரம் விளக்கினாள்.

டிக்கெட் செவ்வாய்க்கிழமைக்கு. செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம், போதாததற்கு அஷ்டமி; மதுரை விமான நிலையமோ எங்களுக்கு நேர் வடக்கு. காலண்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சங்கரேஸ்வரி, “பிள்ளைப்பேறு பாக்கப் போற பயணம்ணே” என்று மட்டும் சொன்னாள். அந்தத் தாளைப் புரூஃப் பார்த்தவனே நான்தான், அதனால் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஜோசியர் பரமசாமி வந்தார். நாள் சரியில்லாத பயணத்துக்கு ஒரு வழி உண்டு: அதற்கு முன்னால் வருகிற நல்ல நாளில், நல்ல நேரத்தில், போகிறவருடைய பெட்டியை மட்டும் வீட்டைவிட்டு வெளியேற்றி, போகிற திசையில் இருக்கிற வேறொரு வீட்டில் வைத்துவிடுவது. அதற்குப் பரஸ்தானம் வைப்பது என்று பெயர்.

“வியாழக்கிழமை காலைல பெட்டியக் கொண்டுபோயி சங்கரேஸ்வரி வீட்டுல வச்சிருங்க” என்றார் ஜோசியர். “பெட்டி கெளம்பிட்டா சார் கெளம்பின மாதிரி. அதுக்கப்புறம் ஆளு எந்தக் கிழமை போனாலும் கேள்வி கிடையாது.”

“ஆளுக்குக் கணக்கு இல்லையா?”

“பெட்டிதான் சார் கணக்கு. ஆளு சும்மா கூடப் போறது.”

அப்படியே வைத்தோம். வைத்த வீட்டின் முன்னறையில், கயிற்றுக் கட்டிலில், சங்கரேஸ்வரியின் புருஷன் வனராஜ் கிடந்தான். பட்டாசு ஆலையில் மருந்து அறை பற்றிக்கொண்டபோது உள்ளே இருந்து உயிரோடு வந்தவன் அவன் ஒருவன்தான். மார்பும் முதுகும் இரண்டு கையும் வெந்து, ஆறி, தோல் பழைய ரப்பரைப்போல இழுத்துக்கொண்டுவிட்டது. அந்தத் தோலில் வேர்வை வராது. வேர்வை வராத உடம்புக்கு எங்கள் ஊர் வெயில் என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஈரச்சாக்கும் வாழையிலையும் மின்விசிறியுமாக அவன் தூங்காமல் கிடந்தான், தூங்காமல் கிடந்தபடியே எல்லோரையும் கேலி பேசினான். சங்கரேஸ்வரி என்னை அண்ணன் என்று கூப்பிடுவதால் அவனுக்கு நான் மச்சான்.

“வாங்க மச்சான். பெட்டிய வச்சாச்சா? அப்ப நீங்க ஊர்ல இல்ல. இல்லாத ஆளுக்குக் காப்பி கிடையாது.”

அன்றுமுதல் நான் உண்மையாகவே ஊரில் இல்லை. பால்காரர் என் வீட்டு வாசலில் நிற்காமல் போனார். கேட்டால், “நீங்கதான் போயிட்டீகளே” என்றார். டீக்கடையில் என்னைப் பார்த்தவர்கள், “எப்ப வந்தீக?” என்று விசாரித்தார்கள். எனக்கு அது சிரமமாக இல்லை. சில வருடங்களாக இருந்து வந்த நிலைக்கு ஒரு பெயர் கிடைத்தது மாதிரிதான் இருந்தது.

பெட்டி வைத்த அன்றே மத்தியானம் சங்கரேஸ்வரி வந்து, “அண்ணே, பெட்டிக்குள்ள மரக்கன்னு ஏதும் வச்சிருக்கீகளா?” என்று கேட்டாள். போய்ப் பார்த்தேன். முன்னறை முழுக்க இலை விழுந்துகொண்டிருந்தது. ஐந்து விரல் விரித்த மாதிரி, மஞ்சளும் சிவப்புமாக, ஓட்டுக்கூரைக்குக் கொஞ்சம் கீழே எங்கிருந்தோ கழன்று, அவசரமில்லாமல் சுற்றிச் சுற்றி இறங்கி, வனராஜின் கட்டில்மேலும் டீவி மேலும் சாமி படத்தின் மேலும் படிந்தது. கனடாவில் புரட்டாசி ஐப்பசியில் அடிக்கிற மெல்லிய காற்று அடித்தது. பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே நான் வைத்திருந்தது இலையுதிர் காலத்துக்கான பழுப்பு ஜாக்கெட். சங்கரேஸ்வரி ஏற்கெனவே இரண்டுமுறை கூட்டி அள்ளியிருந்தாள். மூன்றாவது குவியலை அடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, “நல்லா நின்னு எரியுதுண்ணே, புகையே இல்லை” என்றாள்.

பெட்டி புறப்பட்டுவிட்டது, ஆகவே அது அந்த ஊரில் இருக்கிறது, ஆகவே அந்த ஊரின் காலம் அதைச் சுற்றி இருக்கிறது என்று ஜோசியர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். நாங்கள் அச்சடித்த காலண்டரில் ஏதோ அச்சுப்பிழை, அதுதான் காரணம் என்று அச்சகத்தில் பேசிக்கொண்டார்கள். அதற்குமேல் காரணம் தேட எங்கள் தெருவில் யாருக்கும் நேரமில்லை, தீபாவளிக்கு முந்தைய வேலை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

பெட்டியில் மேலே எது இருக்கிறதோ அந்தக் காலம்தான் அறையில் என்பதைக் கண்டுபிடித்தது சங்கரேஸ்வரி. சனிக்கிழமை அவள் கோட்டை வெயிலில் காயவைத்து மடித்து மேலே வைத்தாள். வைத்த கையை எடுப்பதற்குள் பனி பெய்யத் தொடங்கிவிட்டது. செய்தி தெருவுக்குப் போனதும் ஜனம் திரண்டது. பனி என்றால் எங்கள் ஊருக்கு மார்கழிப் பனிதான் தெரியும், அது காதில் இறங்கும் என்றுதான் தெரியும். எல்லோரும் தலையில் துண்டைக் கட்டி, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, ஆனால் வீட்டுக்குள் போகிறோம் என்பதால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு கணுக்கால் உயரப் பனிக்குள் இறங்கினார்கள். இறங்கிய வேகத்தில் அலறிக்கொண்டு வெளியே ஓடினார்கள். வார்டு கவுன்சிலர் ராஜகனி அக்கா, “ஆத்தாடி, கால் எனக்கு இருக்கா, பாருங்கடி” என்று வேடிக்கை பார்க்க வந்திருந்த கட்டிட வேலைக்காரர்கள் முன்னால் சேலையைத் தூக்கிக் காட்டினாள். ஆனாலும் மறுதரம் போகும்போதும் செருப்பை வெளியேதான் விட்டார்கள். ஒரு வீட்டுக்குள் செருப்போடு நுழைய எங்கள் ஊரில் எந்தக் காலத்துக்கும் அனுமதி இல்லை.

நானும் வெறுங்காலோடுதான் நின்றேன். எல்லோரும் குதிக்க, நான் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து ராஜகனி அக்கா, “உங்களுக்குக் கூசலையா தம்பி?” என்றாள்.

“பழக்கம்” என்றேன்.

அதன்பிறகு அந்த அறை தெருவின் பொதுச் சொத்தாகிவிட்டது. தீப்பெட்டி ஒட்டுகிற பெண்கள் சாயந்தரமானால் வந்து, கோடைக்கான அரைக்கைச் சட்டைகளை மேலே எடுத்துவைக்கச் சொல்லி, வெளியே இருட்டிய பிறகும் அந்த அறைக்குள் நின்ற வெளிச்சத்தில், விளக்குப் போடாமல் ஒட்டினார்கள். மழைக்கோட்டு மேலே வந்தால் வசந்தம். அப்போது தரையெல்லாம் நசநசவென்று ஈரமாகி, கட்டில் காலைச் சுற்றிப் புல் முளைத்து, ஆறுமுகத்தாயின் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே வந்து மேய்ந்துவிட்டுப் போனது. முகூர்த்தத்துக்குக் கட்டிய மல்லிகைப் பந்துகளைப் பனியில் புதைத்து வைத்து, மறுநாள் அலுங்காமல் எடுத்துப்போனார்கள். இட்லி மாவை வைத்தவர்கள்தான் ஏமாந்தார்கள். மாவு பொங்கவே இல்லை, அரைத்த அன்று இருந்தபடியே நின்றுவிட்டது. கறிக்கடைக்காரர் ஒரு தொடையைத் தொங்கவிட இடம் கேட்டபோது, சங்கரேஸ்வரி விளக்குமாற்றைக் கையில் எடுத்ததால் அவர் மேலே பேசவில்லை. அறையின் ஈரம் வாசல்வரை வந்து காயப்போட்ட திரி நமத்தபோது, அந்தப் பக்கத்துக்காரர்கள் முனகாமல் திரியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவில் போய்க் காயப்போட்டார்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் ஒரு காலையில், கோட்டு மேலே இருந்து பனி பெய்த வேளையில், அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்றார்கள். குழாயடியில் குடங்களை வைத்துவிட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள். வனராஜ் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். சட்டையில்லாத மார்பில் பனி விழுந்து, உருகி, மறுபடி விழுந்து, வெந்த தழும்புகள் எல்லாம் மூடிப்போய், வாயைத் திறந்துகொண்டு, கட்டில் அதிரக் குறட்டை. தீவிபத்துக்குப் பிறகு அவன் அப்படித் தூங்கி அன்றுதான் தெரு பார்த்தது. சங்கரேஸ்வரி நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாரோ சிரித்தார்கள், யாரோ மூக்கைச் சிந்தினார்கள். நானும் நின்று கேட்டேன்.

எழுந்ததும் அவன் என்னைக் கூப்பிட்டுவிட்டான்.

“மச்சான், உடம்பு மரத்துப்போச்சு.”

“வலிக்குதா?”

“மரத்துப்போச்சுங்கேன், வலிக்குதாங்கீகளே. என்ன படிச்சீக நீங்க?” என்றான். பிறகு, “சொகமா இருக்கு மச்சான். இப்பிடி மரத்துப்போறதுக்கு ஒரு மனுசன் குடுத்து வச்சிருக்கணும்” என்றான்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து சாயந்தர வெளிச்சத்துக்காகப் பெண்கள் வருவது நின்றது. அவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசியதாகத் தெரியவில்லை. தெருவிளக்கின்கீழ் பாயை விரித்து உட்கார்ந்து ஒட்டினார்கள். ஆட்டை ஆறுமுகத்தாய் இரட்டைக் கயிற்றில் கட்டினாள். மல்லிகைக்காரர்கள் மட்டும் வந்து, ஓசைப்படாமல் புதைத்துவிட்டு, ஓசைப்படாமல் எடுத்துப்போனார்கள், ஏனென்றால் அதற்கு எப்படியும் பனிதான் வேண்டும்.

இதற்கிடையே செவ்வாய்க்கிழமை வந்தது, போனது, விசா ஒட்டிய என் பாஸ்போர்ட் வந்து சேரவில்லை. டிக்கெட்டை மாற்றினேன். பரஸ்தானம் வைத்தவன் திரும்பத் தன் வீட்டில் உலை வைக்கக்கூடாது என்று சங்கரேஸ்வரி எனக்குச் சோறு போட்டாள். பனிக்குள் கட்டில் ஓரமாக உட்கார்ந்து வனராஜோடு சாப்பிடுவேன். ரசம் தட்டில் ஊற்றியதும் ஆறிவிடும்.

ஒருநாள் செலவுப் பொடியைப் பெட்டியின் மூலையில் சொருகுவதற்காக எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன், திரும்ப அடுக்கும்போது ஞாபகமில்லாமல் அமுதவல்லியின் சேலைகளை மேலே வைத்துவிட்டேன். பனி நின்றது. இலை விழவில்லை, புல் முளைக்கவில்லை, எங்கள் ஊர் வெயிலும் உள்ளே வரவில்லை. அறையில் ஒன்றுமே இல்லை. சுவர்க்கடிகாரம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. குளிர் என்றும் சூடு என்றும் சொல்ல முடியாத அந்த அறையில் வனராஜ் என் பக்கம் தலையைத் திருப்பினான்.

“யார் சேலை மச்சான்?”

“என் வீட்டுக்காரி சேலை.”

“ஓ.” கையைத் தூக்க முடியாததால் அவன் கண்ணாலேயே பெட்டியைக் காட்டினான். “காலமானவுக சேலைக்கு ஏது காலம்? கீழ வைங்க. மேல கெடந்தா அவுகளுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.”

கீழே வைத்தேன். கோட்டை மேலே வைத்தேன். பனி பெய்தது.

இன்னொரு நாள் பெட்டியின் சக்கரம் கழன்றிருப்பதைப் பார்த்து, வாசல் வெளிச்சத்தில் வைத்துச் சரிசெய்யலாம் என்று நிலையைத் தாண்டித் தூக்கி வைத்தேன். ஒரு நொடிதான் இருக்கும். முழங்கால் உயரப் பனி இருந்த இடம் தெரியாமல் போய், அறை ஓட்டுவீட்டு மத்தியானமாகிவிட்டது, தூங்கிக்கொண்டிருந்த வனராஜ் ஒரு சத்தம் போட்டான் பாருங்கள், மருந்து அறைக்குள் அன்றைக்கு அவன் போட்ட சத்தம் அதுதான் என்று ஆலையில் அவனோடு வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே ஓடிவந்தார். பெட்டியை உள்ளே வைத்தேன். மறுபடி பனி பெய்தது, ஆனால் அன்று சாயந்தரம்வரை அவன் கேலி பேசவில்லை. பெட்டி அந்த அறையைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பது அதன்பிறகு தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் அதைப்பற்றி யாரும் என்னிடம் பேசவில்லை.

நித்திலா போனில் கூப்பிட்டாள்.

“டாக்டர் இன்னும் ரெண்டு வாரம்னு சொல்றாங்கப்பா. பெட்டி கட்டியாச்சா?”

“பெட்டி அப்பவே கிளம்பிருச்சு.”

“கார்கோல போட்டுட்டீங்களா?”

“இல்லம்மா, சங்கரேஸ்வரி வீட்டுக்கு.”

அவள் சிரித்தாள், அமுதவல்லியைப் போலவே சிரிப்பு முடியும்போது ஒரு மூச்சு இழுப்பாள். “அப்பா, ஒண்ணு கேக்கணும். சேனை நீங்கதான் வைக்கணும். அம்மா இருந்தா உங்களைத்தான் வைக்கச் சொல்லியிருப்பாங்க. எனக்கும் நீங்கதானே வச்சீங்க?”

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக விரலால் சீனித்தண்ணீர் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள், அதனால் ஆளைப் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள். பிற்பாடு பிள்ளை முரண்டு பிடித்தால், யார் இதற்குச் சேனை வைத்தது என்று கேட்டு அந்த ஆளை வைவதும் உண்டு. நித்திலாவுக்கு நான் வைத்தபோது இருபத்தைந்து வயது எனக்கு, சின்ன விஷயத்துக்கும் சத்தமாகச் சிரிப்பேன், பஸ்ஸில் பாட்டுப் பாடுவேன் என்று அமுதவல்லி சொல்லுவாள்.

“அப்பா? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“வைப்பீங்கல்ல? நீங்க வந்து வைக்கிற வரைக்கும் வேற யாரும் வைக்கக்கூடாதுன்னு இவர்ட்ட சொல்லிட்டேன்.”

“சரிம்மா” என்றேன். போனை வைத்தபிறகு வலது கை ஆள்காட்டி விரலைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லால் கடித்தேன். தடம் பதிந்தது.

பாஸ்போர்ட் வந்தது. டிக்கெட் மறுபடி ஒரு செவ்வாய்க்கிழமைக்குத்தான் கிடைத்தது. திங்கள்கிழமை சாயந்தரம், யாரும் கூப்பிடாமலே, சங்கரேஸ்வரி வீட்டு வாசலில் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். வழியனுப்ப வந்தவர்கள் மாதிரிதான் வந்தார்கள், ஆனால் வழியனுப்புகிற பேச்சு எதுவும் எழவில்லை. கடைசியில் ராஜகனி அக்காதான் ஜோசியரிடம் கேட்டாள்.

“ஏன் ஜோசியரே, பெட்டி இங்கனயே கெடந்து, தம்பி மட்டும் போனா என்னவாம்?”

ஜோசியர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “ஆளு தாராளமாப் போகலாம். ஆனா போய்ச் சேந்ததாக் கணக்குக் கிடையாது. பெட்டி போய்ச் சேந்தாத்தான் ஆளு போய்ச் சேந்தது.”

“அப்பப் பனி?”

“பயணம் முடியாத வரைக்கும் பனி எங்க போகப்போகுது?”

தெரு அதைக் கேட்டு ஒரு மூச்சு விட்டது. ஜோசியர் நேர்மையான மனிதர், அத்தோடு நிறுத்தவில்லை. “ஆனா ஒண்ணு சார். போய்ச் சேராத ஆளு அங்க ஒரு நல்ல காரியத்துல கை வைக்கக்கூடாது. சேனை கீனை வைக்கிறதுன்னா, பெட்டியோடதான் போகணும். பிள்ளை விஷயம். நான் சொல்லாம விட்டா எனக்குப் பாவம்.”

“போதும், எல்லாரும் அவங்கவங்க வீட்டப் பாத்துப் போங்க” என்று சங்கரேஸ்வரி வாசலுக்கு வந்தாள். தலையில் பனி ஒட்டியிருந்தது. “அண்ணே, இவுக பேச்சக் கேக்காதீக. தாயில்லாத பிள்ள, அப்பன் வந்து சேனை வைப்பாருன்னு காத்துக்கெடக்கு. அந்த மனுசனுக்கு ஈரச்சாக்கு இருக்கு, வாழையெல இருக்கு, நான் இருக்கேன். இந்தப் பெட்டி வாரதுக்கு முன்னால நாங்க பொழைக்கலையா? நாளைக்குக் காலைல பெட்டியத் தொடச்சு வைக்கிறேன், எடுத்துக்கிட்டுப் போய்ட்டு வாங்க. கோட்ட விட்டுட்டுப் போனா நீங்க அங்க வெறச்சுச் சாகவா?”

உள்ளேயிருந்து வனராஜ் கூப்பிட்டான். போனேன். கட்டில் சட்டத்தின் உயரத்துக்குப் பனி ஏறியிருந்தது. அவன் தலைமட்டும் தெரிந்தது.

“என்ன மச்சான், வெளிய பஞ்சாயத்தா?”

“ஆமா மாப்ள.”

“அவ சொல்றதுதான் சரி. எடுத்துட்டுப் போங்க.” நாக்கை நீட்டி, விழுந்த பனி ஒன்றைப் பிடித்துக்கொண்டான். “ஒரே ஒரு ஒத்தாச பண்ணுங்க. எடுக்கும்போது என்னைய எழுப்பிட்டு எடுங்க. தூக்கத்துல எடுத்தீகன்னா, அது... அது வேண்டாம் மச்சான்.”

சரி என்றேன். அவன் பெட்டியைப் பார்க்காமல் என்னையே பார்த்தான். பிறகு, “பேத்தியா இருந்தா எம்பேரு வச்சிராதீக, வனராஜுன்னு ஒரு பொம்பளப்பிள்ள நல்லா இருக்காது” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அதற்குச் சிரித்திருக்க வேண்டும். நான் அவன் கட்டில் சட்டத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன், சட்டத்தின் குளிர் என் கைக்கு வந்து சேர வெகுநேரம் ஆனது.

செவ்வாய்க்கிழமை காலையில் போனபோது, சங்கரேஸ்வரி பெட்டியைத் துடைத்து, குங்குமம் வைத்து, நிலைக்கு உள்பக்கமாக நிறுத்தியிருந்தாள். வாசலில் ஈரச்சாக்கும், குருத்து வாழையிலைகளும், ஒரு குடம் தண்ணீரும் தயாராக இருந்தன. ஆட்டோ தெருமுனையில் நின்றது. வனராஜ் தூங்கிக்கொண்டிருந்தான், குறட்டையில்லாமல், பனி அவன் புருவத்தில் தங்கியிருந்தது. அவனை எழுப்புவதற்காகச் சங்கரேஸ்வரி அவன் பக்கம் குனிந்தாள். நான் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினேன். பெட்டியைப் படுக்கவைத்துத் திறந்து, அடியிலிருந்து அமுதவல்லியின் சேலைகளையும் மருந்துப் பொட்டலங்களையும் எடுத்து ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டேன், கோட்டை மேலே நன்றாக விரித்து மூடினேன், பெட்டியை அது முன்பு இருந்த மூலைக்கே தள்ளி வைத்தேன். சங்கரேஸ்வரி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

தெருவில் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு, ஆட்டோவைப் பார்த்து நடந்தபடியே நித்திலாவைப் போனில் கூப்பிட்டேன். சேனையை மாப்பிள்ளையின் கையால் வைக்கச் சொன்னேன்.